பிரஷர் 4-க்கு இறங்கிவிட்டது: கிளாகோமா ஆபரேஷனுக்குப் பிறகு எவ்வளவு நாள் காத்திருக்கலாம்?

படிக்கிற மற்றவர்களுக்காக உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 52 வயது, சிறு வயதிலிருந்தே மைனஸ் 6 கண்ணாடி. நான்கு வகை சொட்டு மருந்து போட்டும் இடது கண்ணில் பிரஷர் 34-ஐ விட்டு இறங்காததால் மூன்று வாரத்துக்கு முன் டிராபெக்குலெக்டமி ஆபரேஷன் நடந்திருக்கிறது. இரண்டாவது வாரம் பிரஷர் 18 இருந்ததால் உள்ளே போட்ட தையல்களில் ஒன்றை லேசரால் அறுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பிரஷர் 4. பார்வை மங்கலாக இருக்கிறது, கதவு நிலை வளைந்து தெரிகிறது என்கிறார் அம்மா. டாக்டர் அட்ரோபின் சொட்டு எழுதிக் கொடுத்து ஒரு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார். ஏறவில்லை என்றால் மறுபடி தையல் போட வேண்டியிருக்கும் என்றும் சொல்லியிருக்கிறார். "பிரஷரைக் குறைக்கத்தானே ஆபரேஷன்? குறைந்ததற்கு எதற்கு இன்னொரு ஆபரேஷன்? காத்திருந்தால் தானாகச் சரியாகாதா? போன பார்வை திரும்புமா?" இவைதான் நீங்கள் கேட்டவை.

கிளாகோமா (கண் பிரஷரால் பார்வை நரம்பு பாதிக்கப்படும் நோய்) நோயாளிகளைத் தொடர்ந்து பார்க்கும் கண் மருத்துவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். அம்மாவின் கண்ணை நான் பார்க்கவில்லை, அதனால் கடைசி முடிவு அவரைப் பரிசோதிக்கும் டாக்டருடையதுதான். ஆனால் அந்த முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ளலாம், தெரிந்துகொள்ளவும் வேண்டும்.

டாக்டர் சொன்ன ஒரு வாரம் நியாயமான அவகாசம். தையல் போட வேண்டியிருக்கலாம் என்று முன்கூட்டியே சொன்னதும் சரியே. 4 என்ற எண் மட்டும் என்றால் நான் பெரிதாகக் கவலைப்பட மாட்டேன். என் கவனம் போவது கதவு நிலை வளைந்து தெரிவதில்தான். பிரஷர் குறைந்திருந்தும் கண் நன்றாக இருந்தால் பொறுமையாக இருக்கலாம். குறைந்த பிரஷரால் கண்ணின் உள்ளமைப்பு குலைய ஆரம்பித்துவிட்டால் பொறுமைக்கு ஒரு கெடு வைத்துக்கொள்ள வேண்டும்.

கண்ணுக்குப் பிரஷர் ஏன் தேவை? கண் உருண்டையாக நிற்பதே உள்ளே இருக்கும் திரவத்தின் அழுத்தத்தால்தான். காற்று இறங்கிய பந்தின் தோல் சுருங்குகிற மாதிரி, அழுத்தம் போன கண்ணின் சுவரும் தொய்கிறது. அந்தச் சுவரின் உட்புறத்தில்தான் விழித்திரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. முன்பக்கம் கருவிழி (முன்னால் இருக்கும் கண்ணாடி போன்ற படலம்), ஐரிஸ் (கண்ணின் நடுத் துளையான பாப்பாவைச் சுற்றிய நிற வளையம்), லென்ஸ் மூன்றும் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விட்டு நிற்பதற்கும் இந்தத் திரவம்தான் காரணம்.

ஐரிஸுக்குப் பின்னால் இருக்கும் சிலியரி பாடி என்ற உறுப்பு நிமிடத்துக்கு 2 முதல் 3 மைக்ரோலிட்டர் வரை இந்தத் திரவத்தைச் சுரக்கிறது. இரண்டு மணி நேரத்துக்குள் முன்கண்ணில், அதாவது கருவிழிக்கும் ஐரிஸுக்கும் நடுவே உள்ள இடத்தில், இருக்கும் திரவம் முழுக்கப் புதிதாகிவிடும். சுரந்தது பெரும்பாலும் ஐரிஸின் விளிம்பிலுள்ள சல்லடை போன்ற திசு வழியாக வடிந்து, கண்ணின் வெளிப்புறச் சிறு ரத்தக் குழாய்களில் கலக்கிறது. அந்தக் குழாய்களிலேயே 8 முதல் 10 மி.மீ. பாதரசம் அளவுக்கு அழுத்தம் உண்டு. அதனால் இந்த இயற்கையான வழியில் மட்டும் வடியும்போது பிரஷர் அதற்குக் கீழே எளிதில் போகாது. இயற்கையே வைத்திருக்கும் தடுப்பு அது.

டிராபெக்குலெக்டமி இந்தத் தடுப்பைத் தாண்டிப் போகிறது. 1968-ல் கெய்ர்ன்ஸ் விவரித்த இந்த ஆபரேஷனில், மேல் இமைக்கு அடியில் கண்ணின் வெள்ளைப் பகுதியில் பாதி ஆழத்துக்கு ஒரு சிறு மூடி வெட்டப்படும். அதற்குக் கீழே முன்கண்ணுக்குள் ஒரு துளை போட்டு, மூடியைத் திரும்ப வைத்துத் தலைமுடியைவிட மெல்லிய நைலான் இழையால் தைப்பார்கள். திரவம் அந்த மூடியின் ஓரங்களில் கசிந்து, வெள்ளைப் பகுதியை மூடியிருக்கும் மெல்லிய வெளிப்படலத்துக்கு அடியில் ஒரு மெத்தைபோலச் சேரும். அதைத்தான் பிளெப் என்கிறோம். இனி பிரஷர் எவ்வளவு என்பதை ரத்தக் குழாய் தீர்மானிப்பதில்லை. மூடி எவ்வளவு இறுக்கமாகத் தைக்கப்பட்டிருக்கிறது, அதைச் சுற்றி எவ்வளவு தழும்பு உருவாகியிருக்கிறது என்ற இரண்டும்தான் தீர்மானிக்கின்றன.

தழும்பு அதிகமானால் வழி அடைபட்டு ஆபரேஷனே வீணாகும். அதனால் மைட்டோமைசின் என்ற மருந்தை ஆபரேஷனின்போது அந்த இடத்தில் சில நிமிடங்கள் வைப்பார்கள் அல்லது ஊசியில் செலுத்துவார்கள். அது தழும்பை அடக்கும். வெற்றி வாய்ப்பு கூடுகிறது, அதே அளவுக்கு வழி அளவுக்கு மீறித் திறந்துகொள்ளும் ஆபத்தும் கூடுகிறது. இதற்காகவே இப்போது பெரும்பாலான சர்ஜன்கள் மூடியை முதலில் இறுக்கமாகத் தைத்துவிட்டு, பிறகு வாரக் கணக்கில் ஒவ்வொரு தையலாக லேசரால் அறுத்தோ உருவியோ தளர்த்துகிறார்கள். உங்கள் அம்மாவுக்கு நடந்ததும் அதுதான். ஒரு தையலை அறுத்ததும் வழி எதிர்பார்த்ததைவிட அதிகமாகத் திறந்துவிட்டது. இதில் யாருடைய கவனக்குறைவும் இருக்க வேண்டிய அவசியமில்லை. அந்த ஒரு தையலுக்குப் பின்னால் திசு எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பது அறுக்கும்வரை யாருக்கும் முழுதாகத் தெரியாது.

இனி அந்த எண். புள்ளிவிவரக் கணக்குப்படி 6.5-க்குக் கீழே இருந்தாலே குறைவு. கிளாகோமா ஆய்வுகளில் பெரும்பாலும் 5 அல்லது அதற்குக் கீழே என்பதை வரம்பாக வைக்கிறார்கள். திரவத்தை வடிக்கக் கண்ணுக்குள் வைக்கும் டியூபையும் டிராபெக்குலெக்டமியையும் ஒப்பிட்ட டிவிடி (TVT) என்ற ஆய்வில், மூன்று மாதத்துக்குப் பிறகு அடுத்தடுத்த இரண்டு வருகைகளில் 5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அது தோல்வி என்று எடுத்துக்கொண்டார்கள். "மூன்று மாதத்துக்குப் பிறகு", "இரண்டு வருகைகளில்" என்ற இரண்டு நிபந்தனைகளையும் கவனியுங்கள். முதல் சில வாரங்களில் ஒரு நாள் 4 இருப்பதை யாரும் தோல்வியாக எண்ணுவதில்லை. 5-ல் ஆண்டுக்கணக்கில் தெளிவான பார்வையோடு இருப்பவர்கள் உண்டு, அவர்களுடைய பார்வை நரம்புக்கு அது பாதுகாப்புகூட. அளவீட்டிலும் பிழை வரும். கருவிழி மெல்லியதாக இருந்தாலோ வீங்கியிருந்தாலோ கருவி காட்டும் எண் உண்மையான பிரஷரைவிடக் குறைவாக இருக்கும்.

அதனால் நல்ல டாக்டர் எண்ணைப் பார்த்ததும் அடுத்து கேட்கும் கேள்வி, திரவம் எங்கே போகிறது என்பதுதான். மூடிக்கு அடியிலிருந்து பிளெப்புக்குள் அதிகமாக வடிகிறதா, ஓட்டை வழியாகக் கண்ணுக்கு வெளியே கசிகிறதா, அல்லது சுரப்பதே குறைந்துவிட்டதா? மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

மேல் இமையைத் தூக்கிப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். பிளெப் பெரிதாக, அகலமாக உப்பியிருந்து பிரஷர் குறைவாக இருந்தால், மூடிக்கு அடியிலிருந்து அதிகமாக வடிகிறது என்று பொருள். பிளெப் தட்டையாக இருந்து பிரஷரும் குறைவாக இருந்தால் இரண்டு சந்தேகங்கள்: வெளிப்படலத்தில் எங்கோ ஓட்டை விழுந்து திரவம் கண்ணீரோடு வழிகிறது, அல்லது சிலியரி பாடி அழற்சியில் சோர்ந்து சுரப்பைக் குறைத்திருக்கிறது. ஓட்டையைக் கண்டுபிடிக்க சைடல் சோதனை என்று ஒன்று உண்டு. ஃப்ளோரசின் சாயம் தோய்ந்த சிறு காகிதப் பட்டையை நனைத்துப் பிளெப்பின் மேல் தடவி, நீல ஒளியில் பார்ப்பார்கள். அடர்ந்த ஆரஞ்சுச் சாயத்துக்கு நடுவே ஒரு புள்ளியிலிருந்து பளிச்சென்ற பச்சை நிறத்தில் மெல்லிய ஓடை கீழ்நோக்கி இறங்கினால், அந்த இடத்தில் கசிவு. பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது. இதைச் செய்யாமல் "பிரஷர் குறைந்திருக்கிறது" என்று மட்டும் சொல்லி அனுப்பினால், செய்தீர்களா என்று தயங்காமல் கேளுங்கள்.

மூன்றாவது சந்தேகத்தில் வீட்டில் நீங்களே சரிபார்க்கக்கூடிய ஒன்று இருக்கிறது. ஆபரேஷனுக்கு முன்பு அம்மா அசெட்டஸோலமைட் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாரா? இன்னும் நிறுத்தாமல் சாப்பிடுகிறாரா? அது இரண்டு கண்ணிலும் சுரப்பைக் குறைக்கும். வலது கண்ணுக்கு டிமோலால் சொட்டு போடுகிறாரா? அது ரத்தத்தில் கலந்து இடது கண்ணிலும் சற்றே வேலை செய்யும். சில சமயம் பழைய பழக்கத்தில் ஆபரேஷன் செய்த கண்ணிலேயே பழைய சொட்டுகளைத் தொடர்கிறவர்களும் உண்டு. அடுத்த முறை போகும்போது எல்லாப் புட்டிகளையும் மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் மேசைமேல் வையுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். வலது கண்ணுக்கும் கிளாகோமா இருந்தால் அதன் சொட்டு அவசியம், டாக்டர் வேறு மருந்துக்கு மாற்றித் தரலாம்.

குறைந்த பிரஷர் தன்னைத் தானே மோசமாக்கிக்கொள்ளும் ஒரு சுழலும் உண்டு. அழுத்தம் குறைந்தால் விழித்திரைக்குப் பின்னாலுள்ள கோராய்டு என்ற ரத்தக் குழாய் அடுக்கிலிருந்து நீர் கசிந்து, அதற்கும் வெள்ளைச் சுவருக்கும் நடுவே தேங்கும். நீர் தேங்கிய கோராய்டு சிலியரி பாடியையும் இழுத்துச் சுரப்பைக் குறைக்கும். சுரப்பு குறைந்தால் பிரஷர் இன்னும் இறங்கும், இன்னும் நீர் தேங்கும். நோயாளிக்கு வலி இருக்காது. பார்வையின் ஓரத்தில் நிழல் விழுந்த மாதிரி, திரை தொங்குகிற மாதிரி இருக்கிறது என்பார்கள். பெரும்பாலான நேரங்களில் பிரஷர் ஏறியதும் இந்த நீர் தானாகவே வற்றிவிடும். எதிரெதிர்ப் பக்கங்களில் உப்பிய மேடுகள் நடுவில் வந்து ஒன்றையொன்று தொடும் அளவுக்குப் போனாலோ, வாரக்கணக்கில் வற்றாமல் இருந்தாலோ, வெள்ளைச் சுவரில் சிறு திறப்பு போட்டு நீரை வடிக்க வேண்டி வரும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அதே இடத்தில் நீருக்குப் பதில் ரத்தம் நிரம்பிவிடுவதும் உண்டு. அது அரிதுதான், ஆனால் பார்வையைப் பறிக்கக்கூடியது. இருமல், வாந்தி, மலச்சிக்கலில் முக்குவது, பாரம் தூக்குவது போன்ற ஏதோ ஒரு நேரத்தில் திடீரென்று தாங்க முடியாத கண்வலி, குமட்டல், பார்வை சட்டென்று இருண்டுபோவது, இவைதான் அடையாளம். வயதானவர்கள், மைனஸ் பவர் அதிகம் உள்ளவர்கள், ரத்த அழுத்தம் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். நள்ளிரவானாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரத்தம் மெலிய மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள். மலச்சிக்கலும் தொடர் இருமலும் இருந்தால் அவற்றுக்கு இப்போதே மருந்து கேட்டு வாங்குங்கள். பெரிதாகத் தெரியாத இந்த இரண்டும், பிரஷர் குறைந்த கண்ணுக்கு உண்மையிலேயே முக்கியமானவை.

இப்போது அந்தக் கதவு நிலைக்கு வருகிறேன். அம்மா சொன்ன அறிகுறிகளில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

பிரஷர் போதாமல் கண்ணின் பின்சுவர் தொய்யும்போது அதன்மேல் இருக்கும் கோராய்டும் விழித்திரையும் மடிப்பு மடிப்பாகச் சுருங்குகின்றன. நேர்ப் பார்வைக்குப் பொறுப்பான மேக்குலாவில் இந்தச் சுருக்கம் விழுந்தால் நேர்க்கோடு நெளிந்து தெரியும், எழுத்துகள் உடைந்து தெரியும். 1972-ல் ஜே. டொனால்டு காஸ் இதை ஹைப்போடனி மேக்குலோபதி (பிரஷர் குறைவால் வரும் மேக்குலா பாதிப்பு) என்று பெயரிட்டு விவரித்தார். யாருக்கு வருகிறது என்பதில் ஒரு தெளிவான போக்கு தெரிகிறது. வயது குறைந்தவர்கள், மைனஸ் பவர் உள்ளவர்கள், ஆண்கள், மைட்டோமைசின் வைக்கப்பட்டவர்கள். மைனஸ் பவர் கண் நீளமானது, அதன் சுவர் மெல்லியது. வயது குறைந்தவர்களின் சுவர் விறைப்பு குறைந்து எளிதில் வளையும். எழுபதைத் தாண்டியவரின் கண் 4-ல் அசையாமல் நிற்கும்போது, அதே 4-ல் மைனஸ் 6 கண் சுருங்கிவிடுவது இதனால்தான். உங்கள் அம்மா ஆண் இல்லை, ஆனால் வயதும் மைனஸ் பவரும் பொருந்திவருகின்றன. மைட்டோமைசின் வைத்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை.

அதனால் அடுத்த வருகையில் ஓசிடி ஸ்கேன் (விழித்திரையின் அடுக்குகளைப் படமெடுப்பது) எடுத்தார்களா, மேக்குலாவில் மடிப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். வலியில்லாத, ஊசியில்லாத, சில நிமிட ஸ்கேன் அது. டாக்டர் கண்ணால் பார்க்கும்போது தெரியாத மெல்லிய மடிப்புகளும் அதில் அலை அலையாகத் தெரியும். பார்வை மங்கலுக்கு வேறு காரணங்களும் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். அட்ரோபின் பாப்பாவை விரித்து வைத்திருப்பதால் கூச்சமும், கிட்டத்தில் படிக்க முடியாமையும் வரும். தையலால் கருவிழியின் வளைவு மாறும். பிரஷர் குறைந்த கண் சற்றே குட்டையாவதால் கண்ணாடிப் பவரும் மாறும். ஆனால் இவற்றில் எதுவும் நேர்க்கோட்டை நெளிய வைப்பது அபூர்வம்.

தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் உட்கார வைத்து, வலது கண்ணை மூடி, இடது கண்ணால் ஜன்னல் கம்பியையோ கட்டம் போட்ட தாளையோ பார்க்கச் சொல்லுங்கள். நெளிவு கூடுகிறதா குறைகிறதா என்று ஒரு வரி குறித்து வையுங்கள். ஒரு வாரக் குறிப்பு டாக்டருக்கு உண்மையாகவே உதவும்.

வைத்தியத்துக்கு வருவோம். முதலில் அட்ரோபின் ஏன்? அது சிலியரி தசையைத் தளர்த்தி, லென்ஸும் ஐரிஸும் பின்னோக்கி நகர உதவுகிறது. முன்கண்ணின் ஆழம் கூடுகிறது, அழற்சியும் வலியும் தணிகின்றன. ஸ்டீராய்டு சொட்டு விஷயத்தில்தான் பலர் குழம்புகிறார்கள். "ஒரு டாக்டர் கூட்டினார், இன்னொருவர் குறைத்தார், யார் சரி?" என்று கேட்பார்கள். இருவருமே சரியாக இருக்கலாம். அழற்சியால் சுரப்பு குறைந்திருந்தாலோ கோராய்டில் நீர் தேங்கியிருந்தாலோ ஸ்டீராய்டைக் கூட்டுவார்கள். அதிகமாக வடிவதுதான் காரணம் என்றால், காயம் கொஞ்சம் ஆறி வழி சுருங்கட்டும் என்று குறைப்பார்கள். உங்கள் அம்மாவுக்கு இரண்டாவதுதான் பொருந்தும் என்பது என் ஊகம், ஆனால் டாக்டர் எழுதிய அளவை இதைப் படித்துவிட்டு மாற்றாதீர்கள்.

வடிவதும் கசிவதும் மிதமாக இருந்தால் சாதாரண லென்ஸைவிட அகலமான காண்டாக்ட் லென்ஸ் ஒன்றைப் பிளெப்பையும் சேர்த்து மூடும்படி வைப்பதுண்டு. முன்கண் மிகவும் ஆழம் குறைந்திருந்தால் விஸ்கோஎலாஸ்டிக் என்ற கெட்டியான ஜெல்லை மெல்லிய ஊசியால் உள்ளே செலுத்துவார்கள். அது சில நாட்கள் இடத்தைத் தாங்கிப் பிடிக்கும். முன்கண் ஆழத்தை மூன்று படிகளாகப் பார்க்கிறோம். ஐரிஸின் ஓரம் மட்டும் கருவிழியைத் தொட்டால் பெரும்பாலும் காத்திருக்கலாம். ஐரிஸ் பாப்பாவின் விளிம்புவரை தொட்டால் ஒவ்வொரு நாளும் பார்க்க வேண்டும். லென்ஸே கருவிழியைத் தொட்டுவிட்டால் அவசரம். கருவிழியின் உள்பக்கச் செல்கள் அழிந்தால் திரும்ப வளராது, லென்ஸிலும் சீக்கிரமே புரை விழும். அந்த நிலையில் நாளைக்குப் பார்ப்போம் என்ற பேச்சே கிடையாது.

இதற்கெல்லாம் பிரஷர் அசையவில்லை என்றால்தான் தையல். இரண்டாவது ஆபரேஷன் என்று நீங்கள் பயப்படுவது முதல் ஆபரேஷன் அளவுக்குப் பெரிய விஷயமாக இருக்க வேண்டியதில்லை. வெளிப்படலத்தைத் திறக்காமலேயே, அதன் மேலாகவே நைலான் ஊசியை நுழைத்து, கீழேயுள்ள மூடியைக் கண்ணின் சுவரோடு சேர்த்துக் கட்டிவிட முடியும். ஆபரேஷன் அறையில், மரத்துப்போக சொட்டு மருந்தோ ஊசியோ போட்டு, பெரும்பாலும் குறைந்த நேரத்தில் முடிகிற வேலை. முடிச்சுப் போடும்போதே முன்கண் ஆழமாவதை சர்ஜன் நேரில் பார்க்கிறார். இது முடியாத கண்களில் பழைய வெட்டைத் திறந்து, மூடியை நேரில் தைத்து, தேவைப்பட்டால் ஒட்டுத் திசு வைத்து மூடுவார்கள். நோயாளியின் கையிலிருந்தே ரத்தம் எடுத்துப் பிளெப்பில் செலுத்தித் தழும்பைத் தூண்டும் முறையும் உண்டு. மேக்குலாவில் மடிப்பு விழுந்த கண்ணில் நான் அதை முதலில் தேர்ந்தெடுக்க மாட்டேன். ரத்தம் முன்கண்ணுக்குள் புகுந்து பார்வையை மறைக்கலாம், எவ்வளவு வேலை செய்யும் என்பதும் நிச்சயமில்லை. தையலில் பலன் உடனே தெரிந்துவிடும்.

எவ்வளவு காத்திருக்கலாம் என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒரு தேதி கிடையாது. என் நிலைப்பாடு இது. முன்கண் ஆழமாக, மேக்குலா தட்டையாக, பார்வை நிலையாக இருந்தால் வாரங்கள், ஏன் மாதங்கள்கூட வெறுமனே கவனித்துக்கொண்டிருப்பேன். மேக்குலாவில் மடிப்பு விழுந்து பார்வை இறங்கியிருந்தால், மருந்துக்குச் சில வாரம் கொடுத்துப் பார்த்துவிட்டுத் தைத்துவிடுவேன், பிளெப்பைக் காப்பாற்றும் ஆசையில் மாதக்கணக்கில் இழுக்க மாட்டேன். மடிப்பு நீண்ட நாள் நின்றால் பிரஷர் ஏறிய பிறகும் அதன் தடம் விழித்திரையில் தங்கிவிடலாம். பார்வை திரும்புமா என்று கேட்டீர்கள். சீக்கிரம் சரிசெய்தால் பெரும்பாலும் நன்றாகவே திரும்புகிறது. மாதங்கள் கழித்துச் சரிசெய்தும் பார்வை மீண்டவர்கள் உண்டு. ஆனால் தாமதித்தவர்களில் சிலருக்கு லேசான நெளிவு நிரந்தரமாக இருந்துவிடுகிறது. மூன்று வாரத்தில் இருக்கும் உங்கள் அம்மா நல்ல கட்டத்தில்தான் இருக்கிறார்.

டியூப் வைத்தவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் சுருக்கமாக அதையும் சொல்கிறேன். அகமது வால்வு என்ற டியூப் வகையில் பிரஷர் ஓரளவு ஏறினால்தான் திறக்கும் ஒரு தடுப்பு இருக்கிறது. பேர்வெல்ட், மோல்டினோ, ஆடி (AADI) போன்ற மற்ற டியூப் வகைகளில் அது இல்லை. அதனால் டியூபைக் கரையும் நூலால் கட்டி விடுவார்கள். அந்த நூல் நான்கு முதல் ஆறு வாரத்தில் விட்டுக்கொடுக்கும்போது பிரஷர் ஒரே நாளில் சரிந்துவிடலாம். "ஒரு மாதம் நன்றாக இருந்தது, திடீரென்று மங்கிவிட்டது" என்று வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான். அந்த வாரங்களில் ஊருக்குப் போகும் திட்டம் இருந்தால் தள்ளிப்போடுங்கள்.

ஆண்டுகள் கழித்தும் பிரஷர் இறங்கலாம். மைட்டோமைசின் வைத்த பிளெப் நாளாக ஆக வெளுத்து, காகிதம்போல மெலிந்து, ஒருநாள் கசிய ஆரம்பிக்கும். காலையில் எழுந்ததும் கண்ணிலிருந்து தண்ணீராக வழிகிறது, வலி இல்லை, பார்வை கொஞ்சம் மங்கல் என்று அசட்டையாக விட்டுவிடுவார்கள். திரவம் வெளியே வரும் ஓட்டை வழியாகக் கிருமி உள்ளே போகவும் முடியும். கண் சிவந்து, பூளை கட்டி, வலியும் கூச்சமும் வந்தால் அது அன்றைக்கே பார்க்க வேண்டிய தொற்று. ஆபரேஷன் நடந்து எத்தனை வருடம் ஆனாலும் இந்த விதி மாறாது. மெடிக்கல் ஷாப்பில் சிவப்புக்குச் சொட்டு வாங்கிப் போட்டுக் காத்திருந்து கண்ணை இழந்தவர்களை எல்லாக் கண் மருத்துவமனைகளும் பார்த்திருக்கின்றன.

இந்த வாரம் வீட்டில் செய்ய வேண்டியவை அதிகமில்லை. இரவில் கண் கவசம் கட்டாயம், தூக்கத்தில் கை பட்டாலே போதும் கெடுதல் வர. கண்ணைத் தேய்க்கக் கூடாது. சொட்டு போடும்போது மேல் இமையை அழுத்தாமல் கீழ் இமையை மட்டும் இழுத்துப் போடுங்கள், புட்டியின் முனை கண்ணில் படக் கூடாது. தலையைக் கவிழ்த்துக் குனிவது, குடம் தூக்குவது, மூச்சைப் பிடித்துச் செய்யும் ஆசனங்கள் வேண்டாம். டிவி பார்ப்பதாலோ நடப்பதாலோ எந்தத் தீங்கும் இல்லை, அம்மாவைப் படுக்கையிலேயே வைக்காதீர்கள்.

தையல் போட்டால் அடுத்து நடக்கப்போவதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்போது பயப்படாமல் இருக்க. மறுநாளோ சில நாளிலோ பிரஷர் 20, 30 என்று ஏறி நிற்கலாம். பழைய நோய் திரும்பிவிட்டது என்று கலங்க வேண்டாம். கண் மறுபடி உருண்டையாவதற்குச் சில நாள் அந்த ஏற்றம் உதவவும் செய்யும். பிறகு டாக்டர் சொட்டு மருந்தாலோ, தையலைப் பார்த்துப் பார்த்துத் தளர்த்தியோ 10-ஐ ஒட்டிக் கொண்டுவருவார். எவ்வளவு ஏறினால் தாங்கும் என்பது அம்மாவின் பார்வை நரம்பு எவ்வளவு பாதித்திருக்கிறது என்பதைப் பொறுத்தது, அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். புதுக் கண்ணாடிக்கு அவசரப்பட வேண்டாம். பிரஷர் ஏறி இறங்கும்வரை கண்ணின் நீளமும் லென்ஸின் இடமும் மாறிக்கொண்டே இருக்கும், இன்று எழுதிய பவர் அடுத்த மாதம் பொருந்தாது. பிரஷர் நிலைத்து, தையல் வேலையெல்லாம் முடிந்து இரண்டு மூன்று மாதம் போகட்டும், அப்போது பவர் பார்த்து வாங்கிக்கொள்ளலாம்.